'இஃப்' வந்தால் 'வில்' எங்கே போகிறது, 'வுட்' எங்கிருந்து வருகிறது?

கேள்வி இதுதான்: பள்ளியில் ஆங்கில நிபந்தனை வாக்கியங்களை ('இஃப்' வாக்கியங்கள்) டைப் 1, டைப் 2, டைப் 3 என்று எல்லாம் படித்தாயிற்று, பரீட்சையில் மார்க்கும் வந்தது. ஆனால் வேலைக்கு வந்தபின் ஒரு மெயில் அடிக்கும்போது 'வில்' போடுவதா, 'வுட்' போடுவதா, 'வுட் ஹேவ்' போடுவதா என்று கை நின்றுவிடுகிறது. 'இஃப்' இருக்கும் பக்கத்தில் 'வில்'லும் 'வுட்'டும் வரவே கூடாது என்று டீச்சர் சொன்னார். வெளிநாட்டு வாடிக்கையாளரோ 'வீ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ வுட் சென்ட் த ஃபைல் டுடே' என்று எழுதுகிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரிதான். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த டைப் நம்பர்களைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். விடைத்தாள் திருத்துகிறவருக்கு அவை வசதி. பேசுகிறவர் மனதில் 'இப்போது நான் டைப் 2 சொல்லப் போகிறேன்' என்று எதுவும் ஓடுவதில்லை. அங்கே ஓடுவது வேறு: இது நடக்கக்கூடிய காரியமா, சும்மா ஒரு கற்பனையா, நடக்காமலே போய்விட்ட ஒன்றா? இந்த வித்தியாசத்தை ஆங்கிலம் வினைச்சொல்லின் காலத்தை வைத்துக் காட்டுகிறது. நடக்கலாம் என்றால் நிகழ்காலம். கற்பனை என்றால் ஒரு அடி பின்னால் போய் இறந்தகாலம். கைநழுவிப் போனது என்றால் இன்னும் ஒரு அடி பின்னால், 'ஹேட்'.

'இஃப் ஹீ கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்.'
'இஃப் ஹீ கேம், ஐ வுட் டெல் ஹிம்.'
'இஃப் ஹீ ஹேட் கம், ஐ வுட் ஹேவ் டோல்ட் ஹிம்.'

முதலாவதில் அவர் வரலாம், வராமலும் போகலாம். இரண்டாவதில் அவர் வரமாட்டார் என்றே நினைக்கிறேன், ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். மூன்றாவதில் அவர் வரவில்லை, கதை முடிந்தது. இரண்டாவது வாக்கியத்தில் உள்ள 'கேம்' நேற்று வந்ததைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அது நாளைக்கு வருவதைப் பற்றிய பேச்சாகக்கூட இருக்கலாம். அந்த இறந்தகாலம் கடிகாரத்தைக் காட்டவில்லை, நம்பிக்கை எவ்வளவு தூரம் என்பதைக் காட்டுகிறது.

'வுட்' தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய சொல் இல்லை. 'வில்' என்பதன் பழைய இறந்தகால வடிவம்தான் 'வுட்'. 'கேன்' பின்னால் போனால் 'குட்', 'மே' பின்னால் போனால் 'மைட்'. ஆக, 'கம்ஸ்' ஒரு அடி பின்னால் போய் 'கேம்' ஆகும்போது, எதிர்ப்பக்கத்து 'வில்'லும் கூடவே ஒரு அடி பின்னால் போகிறது. வழக்கமாக இரண்டு பாதியும் சேர்ந்தே நகர வேண்டும். 'இஃப் ஹீ கேம், ஐ வில் டெல் ஹிம்' என்பது நொண்டுவது அதனால்தான். ஒரு பாதி நகர்ந்துவிட்டது, மறு பாதி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இறந்தகால வினையை வைத்து நாளைக்கு நடப்பதைப் பேசுவது விசித்திரமாகத் தெரிகிறதா? நாமும் அதைத்தான் செய்கிறோம். வந்தான், வந்தால். போனான், போனால். படித்தான், படித்தால். சொன்னான், சொன்னால். தமிழில் 'ஆல்' ஒட்டுவது இறந்தகால அடியில்தான். 'நாளைக்கு வந்தால்' என்று சொல்லும்போது 'வந்த்' என்ற இறந்தகாலத் துண்டு அதற்குள் உட்கார்ந்திருப்பது யாருக்கும் உறுத்துவதில்லை. (பழைய தமிழில் 'வரின்', 'கூறின்' என்று இறந்தகாலம் கலக்காத வடிவமும் உண்டு. பேச்சில் இப்போது அது இல்லை.) எனவே இந்த உத்தி நமக்குப் புதிது இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். 'சம்பளம் வந்தால் வாடகை கட்டிவிடுவேன்', 'லாட்டரி விழுந்தால் வீடு கட்டிவிடுவேன்'. இரண்டுக்கும் தமிழில் ஒரே வடிவம். சம்பளம் எப்படியும் வரும், லாட்டரி விழாது என்பது கேட்கிறவருக்குத் தானே புரியும். (தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள் என்பதால், கேரளா லாட்டரி என்று வைத்துக்கொள்வோம்.) ஆங்கிலம் அப்படிக் கேட்பவர் தலையில் விடுவதில்லை. எவ்வளவு நம்புகிறாய் என்பதை வாயைத் திறக்கும்போதே சொல்லிவிடு என்கிறது: 'இஃப் மை சாலரி கம்ஸ், ஐ வில் பே த ரென்ட்'. ஆனால் 'இஃப் ஐ வன் த லாட்டரி, ஐ வுட் பில்ட் எ ஹவுஸ்'. தமிழில் யோசித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பேசுகிறவர் இந்த ஒரு முடிவை எடுக்காமல் வாக்கியத்தைத் தொடங்கிவிடுகிறார். பாதியில் தடுமாறுவது அதனால்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எது நடக்கும், எது கற்பனை என்று தீர்மானிப்பது இலக்கணப் புத்தகம் இல்லை, பேசுகிறவர். ஒரே சூழ்நிலைக்கு இரண்டு வடிவமும் பொருந்தும். நேர்காணலில் 'இஃப் ஐ கெட் திஸ் ஜாப், ஐ வில் மூவ் டு சென்னை' என்றால் கிடைக்கும் என்று நம்புகிற குரல். 'இஃப் ஐ காட் திஸ் ஜாப், ஐ வுட் மூவ் டு சென்னை' என்றால் கொஞ்சம் தயங்குகிற குரல், அல்லது அடக்கமான குரல். இரண்டிலும் பிழை இல்லை. நேர்காணலுக்குப் போகிறவர் முதலாவதையே சொல்வது நல்லது என்பேன். சம்பளம் பேசும்போது இரண்டாவது உதவும்: 'இஃப் யூ ஆஃபர்ட் எ லிட்டில் மோர், ஐ வுட் அக்செப்ட்'. அழுத்தம் தராமல் கேட்டமாதிரி இருக்கும்.

'இஃப் ஐ வெர் யூ' என்பதில் 'ஐ'க்கு ஏன் 'வெர்' என்று பலர் கேட்பதுண்டு. ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் கற்பனைக்கென்றே தனி வினை வடிவங்கள் இருந்தன. பெரும்பாலும் தேய்ந்துபோய்விட்டன, இது தங்கிவிட்டது. பேச்சில் 'இஃப் ஐ வாஸ்' என்று ஆங்கிலேயர்களே தாராளமாகச் சொல்கிறார்கள். பரீட்சையிலும் அலுவல் கடிதத்திலும் 'வெர்' போட்டுவிடுங்கள், வம்பே இல்லை.

எப்போதும் உண்மையாக இருக்கிற விஷயத்துக்கு இரண்டு பக்கமும் சாதாரண நிகழ்காலம்: 'இஃப் யூ மிக்ஸ் புளூ அண்ட் யெல்லோ, யூ கெட் கிரீன்'. இதில் குழம்புகிறவர் குறைவு.

இப்போது 'வில்' விவகாரம். 'இஃப் இட் வில் ரெயின்' ஏன் தவறு? எதிரே இருக்கும் 'வில்' ஏற்கெனவே எதிர்காலத்தைச் சொல்லிவிட்டது, இன்னொன்று தேவையில்லை என்பதுதான் ஆங்கிலத்தின் கணக்கு. இந்தக் கணக்கு 'இஃப்' ஒன்றுக்கு மட்டும் இல்லை. 'வென்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'அன்டில்', 'ஆஸ் சூன் ஆஸ்' எல்லாவற்றுக்கும் இதே கதை. 'வென் ஐ வில் ரீச், ஐ வில் கால் யூ' என்பது நம்மூரில் தினமும் காதில் விழுவது. 'வென் ஐ ரீச்' போதும். 'வென்' என்றால் போய்ச் சேருவது நிச்சயம், 'இஃப்' என்றால் நிச்சயம் இல்லை. 'மதுரைக்குப் போனால் போன் பண்ணுகிறேன்' என்று நாம் டிக்கெட் எடுத்த பிறகும் சொல்வோம். டிக்கெட் எடுத்துவிட்டால் ஆங்கிலத்தில் 'வென்'தான். 'இஃப்' போட்டால் எதிரில் இருப்பவர் 'ஏன், போகவில்லையா?' என்று கேட்பார்.

ஆனால் 'இஃப்' பக்கத்தில் 'வில்' வரும் இடங்கள் உண்டு. அதில் ஒன்றை ரொம்பப் பேர் தப்பாகத் திருத்திவிடுகிறார்கள். 'ஐ டோன்ட் நோ இஃப் ஹீ வில் கம்'. இது முழுக்கச் சரியான வாக்கியம். இங்கே 'இஃப்' நிபந்தனை சொல்லவே இல்லை, சந்தேகம் சொல்கிறது. 'வெதர்' (வானிலை இல்லை, 'ஆ, இல்லையா என்று' எனப் பொருள் தரும் சொல்) வரும் இடத்தில் வந்திருக்கிறது. கண்டுபிடிக்கத் தமிழே உதவும். மனதில் தமிழாக்கிப் பாருங்கள்: 'வந்தால்' என்று வந்தால் அது நிபந்தனை, 'வில்' வேண்டாம். 'வருவானா என்று' என வந்தால் அது சந்தேகம், 'வில்' தாராளமாக வரலாம். 'ஆஸ்க் ஹர் இஃப் ஷீ வில் ஜாயின் அஸ்' என்பதும் இந்தக் கணக்கில்தான்: சேருவாரா என்று கேள்.

இரண்டாவது இடம்தான் உங்கள் வாடிக்கையாளர் எழுதியது. 'வில்' என்பதற்கு எதிர்காலம் போக, மனம் இசைதல் என்ற பொருளும் உண்டு. அதுதான் அதன் பழைய பொருள். 'இஃப் யூ வில் வெயிட் எ மினிட், ஐ வில் கால் த மேனேஜர்' என்றால் தயவுசெய்து காத்திருக்கச் சம்மதித்தால் என்று அர்த்தம். அதையே ஒரு அடி பின்னால் தள்ளினால் இன்னும் பணிவு கூடுகிறது: 'இஃப் யூ வுட் சென்ட்', 'இஃப் யூ குட் சென்ட்'. கேட்பவர் 'நீங்கள் செய்வீர்கள் என்று நான் உரிமையோடு எதிர்பார்க்கவில்லை' என்று ஒரு தூரத்தில் நின்று கேட்கிறார். ஆக, டீச்சர் சொன்ன விதி எதிர்காலத்தைக் குறிக்கும் 'வில்'லுக்கு, வாடிக்கையாளர் எழுதியது சம்மதத்தைக் குறிக்கும் 'வுட்'டுக்கு. மழைக்குச் சம்மதம் கிடையாது. அதனால் 'இஃப் இட் வுட் ரெயின்' என்று யாரும் பணிவாகக்கூட எழுத முடியாது. நீங்கள் எழுதும் மெயிலில் 'குட்' போடுவது எல்லாவற்றையும்விடப் பத்திரம். 'இட் வில் பி நைஸ் இஃப் யூ வில் கம்' என்று எழுதும் பழக்கம் இருந்தால் அதையும் இதோடு மாற்றிவிடலாம்: 'இட் வுட் பி நைஸ் இஃப் யூ குட் கம்'.

மூன்றாவது அடிக்கு வருவோம். பள்ளியில் எல்லோரும் பயந்தது இதற்கு. என்னைக் கேட்டால் தமிழருக்கு இதுதான் மூன்றிலும் சுலபம். 'நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்'. 'சொல்லியிருந்தால்' என்ற இடத்தில் 'ஹேட் டோல்ட்', 'வந்திருப்பேன்' என்ற இடத்தில் 'வுட் ஹேவ் கம்'. துண்டுக்குத் துண்டு பொருந்துகிறது: 'இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்'. தமிழில் 'இரு' ஒட்டும் இடங்களில் எல்லாம் ஆங்கிலத்தில் 'ஹேட்'டோ 'ஹேவ்'வோ வருகிறது. அப்புறம் ஏன் தப்பு வருகிறது? பேச்சுத்தமிழில் நாம் அவசரமாக 'முன்னாடியே சொன்னா வந்திருப்பேன்ல' என்று முதல் பாதியில் 'இரு'வை விழுங்கிவிடுகிறோம். அதுவே ஆங்கிலத்தில் 'இஃப் யூ டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்' என்று இறங்கிவிடுகிறது. ஆங்கிலம் பேசும்போது எழுத்துத்தமிழை நினைத்துக்கொண்டால் இந்தப் பிழை போய்விடும்.

ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் 1913 ஜனவரியில் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், 1914-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார், 1920-ல் 32 வயதில் இறந்துபோனார். 'இஃப் ராமானுஜன் ஹேட் நாட் ரிட்டன் டு ஹார்டி, ஹீ வுட் நாட் ஹேவ் கான் டு கேம்பிரிட்ஜ்' என்று சொல்லலாம். ஆனால் இதில் 'வுட்' என்பது அடித்துச் சொல்வது. எழுதாவிட்டால் போயே இருக்க மாட்டார் என்று நமக்கு எப்படித் தெரியும்? வேறு யாராவது அழைத்திருக்கலாம். அந்தச் சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டுமானால் 'மைட் நாட் ஹேவ் கான்'. 'இஃப் ஹீ ஹேட் லிவ்ட் லாங்கர், ஹீ குட் ஹேவ் டன் மச் மோர்' என்றால் செய்ய முடிந்திருக்கும் என்ற பொருள். பாடப்புத்தகப் பயிற்சிகளில் 'வுட் ஹேவ்' ஒன்றையே திரும்பத் திரும்பப் போட்டுப் பழகியதால் 'மைட் ஹேவ்', 'குட் ஹேவ்' இரண்டும் நம் எழுத்தில் பட்டினி கிடக்கின்றன.

தமிழோடு பொருந்துகிறது என்றேன், ஒரு குழியையும் சொல்லிவிடுகிறேன். 'அவன் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்' என்பதில் உள்ள 'போயிருப்பான்' நடக்காத காரியம் இல்லை, ஊகம். அதற்கு 'மஸ்ட் ஹேவ்' அல்லது 'வில் ஹேவ்'. நிபந்தனை எதுவும் இல்லாமல் 'ஹீ வுட் ஹேவ் கான் ஹோம்' என்றால், போயிருப்பான், ஆனால் ஏதோ காரணத்தால் போகவில்லை என்று வெளியூர்க்காரர் எடுத்துக்கொள்வார். இந்திய ஆங்கிலத்தில் இந்தப் பிசகு நிறைய.

'இஃப் ஐ வுட் ஹேவ் நோன்' என்று இரண்டு பக்கமும் 'வுட் ஹேவ்' போடுவது இன்னொரு தொல்லை. அமெரிக்கர்கள் பேச்சில் இது அடிக்கடி வருவதால் சரி என்று நினைத்துவிடுகிறோம். எழுத்தில் இன்னும் பிழையாகத்தான் பார்க்கிறார்கள். 'இஃப் ஐ ஹேட் நோன்' என்பதே சரி. இந்தப் பிசகுக்குக் காதும் ஒரு காரணம். 'ஐ ஹேட்', 'ஐ வுட்' இரண்டும் வேகமான பேச்சில் சுருங்கி 'ஐட்' என்றே கேட்கும். 'இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் கம்' என்று ஒருவர் சொன்னால் முதல் 'ஐட்' என்பது 'ஐ ஹேட்', இரண்டாவது 'ஐ வுட்'. படம் பார்த்து ஆங்கிலம் கற்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது இயல்புதான்.

அடிகள் இரண்டும் கலந்தும் வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பசிபிக் கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது, இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. நாகப்பட்டினத்தில் மக்கள் எந்தத் தகவலும் இல்லாமல் கரையில் இருந்தார்கள். இதைச் சொல்ல: 'இஃப் தேர் ஹேட் பீன் எ வார்னிங் சிஸ்டம், மெனி பீப்பிள் வுட் ஹேவ் எஸ்கேப்ட்'. இரண்டு பாதியும் முடிந்துபோனவை. ஆனால் விளைவு இன்றைக்கும் தொடர்கிறது என்றால் பின்பாதி ஒரு அடி முன்னால் வரும்: 'மெனி ஆஃப் தெம் வுட் பி அலைவ் டுடே'. நிபந்தனை அன்றைக்கு, விளைவு இன்றைக்கு. அதனால் 'வுட் ஹேவ்' இல்லை, 'வுட் பி'. இதற்கு 'மிக்ஸ்ட் கண்டிஷனல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தந்தப் பாதி எந்த நேரத்தைப் பேசுகிறது என்று பார்த்தால் பெயரே தேவையில்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007-ல் வந்துவிட்டது. ஆகவே இன்றைய நிலைமைக்கு முதல் வடிவமே போதும்: 'இஃப் எ சுனாமி கம்ஸ், வீ வில் கெட் எ வார்னிங்'.

தமிழிலிருந்து நேராக வந்து உட்காரும் சில பழக்கங்களையும் பார்த்துவிடலாம். 'யூ கோ தேர் மீன்ஸ், யூ வில் கெட் இட்'. இந்த 'மீன்ஸ்' நம் 'போனேன்னா', 'வந்தான்னா'வின் 'னா'. தமிழர்களுக்குள் பேசும்போது ஒன்றும் குறைந்துவிடாது. வெளியே யாருக்கும் புரியாது. 'சப்போஸ் இஃப் ஹீ கம்ஸ்' என்பது 'ஒருவேளை வந்தால்' என்பதன் நிழல். ஆங்கிலத்தில் 'சப்போஸ்' அல்லது 'இஃப்', ஒன்று போதும். 'அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி, யூ வில் ஃபெயில்' என்பதில் 'அன்லெஸ்'ஸுக்குள்ளேயே 'இல்லாவிட்டால்' இருக்கிறது. இன்னொரு 'டோன்ட்' சேர்த்தால் படித்தால்தான் ஃபெயில் ஆவாய் என்று பொருள் கவிழ்ந்துவிடும். 'அன்லெஸ் யூ ஸ்டடி' என்று நிறுத்திக்கொள்ள வேண்டும்.

'வந்தாலும்' கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம். 'அவர் வந்தாலும் கூட்டம் நடக்காது' என்பதில் அவர் வருவது நிச்சயமில்லை: 'ஈவன் இஃப் ஹீ கம்ஸ்'. 'மழை பெய்தாலும் மேட்ச் நடந்தது' என்பதில் மழை உண்மையாகவே பெய்திருக்கிறது: 'ஈவன் தோ இட் ரெயின்ட்'. தமிழில் ஒரே 'ஆலும்' இரண்டையும் சுமக்கிறது. ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டால் தகவலே மாறிவிடும்.

தமிழில் நிபந்தனை பெரும்பாலும் முன்னால்தான் வரும், அதனால் நம் ஆங்கிலத்தில் எப்போது பார்த்தாலும் வாக்கியம் 'இஃப்'பில் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் அதைப் பின்னால் போடுவது மிகச் சாதாரணம்: 'ஐ வில் கால் யூ இஃப் ஐ நீட் ஹெல்ப்'. 'இஃப்' முன்னால் வந்தால் நடுவில் காற்புள்ளி வேண்டும், பின்னால் வந்தால் பொதுவாக வேண்டாம். முன்னால் வரும்போது அடுத்த பாதியில் 'தென்' சேர்ப்பதும் பெரும்பாலும் அநாவசியம்.

கடைசியாக, 'இஃப்' இல்லாமலே வரும் வடிவங்கள். 'ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் கம்'. 'வெர் ஐ இன் யுவர் பிளேஸ்'. 'ஷுட் யூ நீட் எனி ஹெல்ப், பிளீஸ் கால் திஸ் நம்பர்'. 'இஃப்'பை எடுத்துவிட்டு வினையை முன்னால் கொண்டுவந்து வைத்தால் இது கிடைக்கும். பேச்சில் இவற்றைச் சொன்னால் நாடக வசனம் பேசுகிறமாதிரி இருக்கும். அலுவல் மெயிலின் முடிவில் 'ஷுட் யூ நீட்' மட்டும் நன்றாகவே பொருந்தும். பரீட்சையில் 'இஃப் இல்லாமல் மாற்றி எழுது' என்று கேட்டால் 'ஹேட்', 'வெர்', 'ஷுட்' என்ற மூன்று சொற்களில் ஒன்று வாக்கியத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் அதைத் தூக்கி முன்னால் வையுங்கள். வெறும் 'இஃப் யூ நீட்' என்று இருந்தால் 'ஷுட்' நீங்களே சேர்க்க வேண்டியது. 'இஃப் ஹீ கம்ஸ்' என்பதை மாற்றும்போது 'ஷுட் ஹீ கம்' என்று எழுதுங்கள். 'கம்ஸ்' என்பதில் உள்ள 'ஸ்' விழுந்துவிடும், அதை விட்டுவைத்தால் மார்க் போய்விடும்.